போகப் போகப் பழகிக்கொள்ளுமா?



நம்முடைய ஊருக்குப் பெயர் கொடுத்த பறவையைப்பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். திருக்கழுக்குன்றம் என்னும் பெயருக்குள்ளே கழுகு இருக்கிறது. பட்சிதீர்த்தம் என்று வடக்கேயிருந்து வருகிறவர்கள் சொல்லும் பெயரிலும் பட்சி இருக்கிறது. பெயரில் இருக்கிறதேயன்றி மலையில் இல்லை.

வேதகிரீசுவரர் மலையிலே நாள்தோறும் உச்சிவேளையை ஒட்டி இரண்டு கழுகுகள் வந்து இறங்கும். கோயிலைச் சேர்ந்த பெரியவர் பாறைமேல் காத்திருந்து வைக்கிற சர்க்கரைப் பொங்கலை உண்டு, அலகைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் வானத்தில் ஏறிவிடும். உங்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இதைக் கண்ணாலே கண்டிருக்கிறீர்கள். 1998 வாக்கில் அந்த வருகை நின்றது. அதற்குப் பிறகு பிறந்த நம் வாலிபர்கள் படத்திலே பார்த்ததோடு சரி.

அவை சாபம் பெற்ற ரிஷிகள் என்றும், காசியில் நீராடி இங்கே உண்டு இராமேசுவரத்தில் இரவு தங்குகின்றன என்றும் இந்து சகோதரர்கள் சொல்லிவந்தார்கள். சொல்லுகிறவர் மாறினால் ஊரின் பெயரும் கொஞ்சம் மாறும். அந்த ஐதிகத்தை ஆராய்வது என் வேலையல்ல. அயலார் பக்தியோடு காத்துவந்ததை நாமும் மரியாதையோடு பேசவேண்டும். ஆனால் பறவையோ சர்வேசுரனுடைய சிருஷ்டி. அதைப்பற்றிப் பேச எல்லாருக்கும் பாத்தியதை உண்டு.

நான் எடுத்துப் பேச விரும்புவது ஒரு வார்த்தையை. குளம் தூர்ந்தது, கடற்கரையில் விளக்கு போட்டார்கள், மருந்து மாறிற்று என்று எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான் வருகிறது: "போகப் போகப் பழகிக்கும் சாமி." பறவையும் பழகிக்கொள்ளும், செடியும் பழகிக்கொள்ளும், மீனும் பழகிக்கொள்ளும் என்று நாம் வெகு தைரியமாகச் சொல்லுகிறோம். மெய்தானா என்று பார்ப்போம்.

முதலில் பறவையை அறிந்துகொள்ளுங்கள். கழுகு என்று நாம் இரண்டு வகையையும் ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். உயிரோடிருக்கிற இரையைப் பாய்ந்து பிடிப்பது ஒரு வகை. செத்ததைத் தின்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பாறு என்ற பழைய தமிழ்ப் பெயர் உண்டு. நம் மலைக்கு வந்தது மஞ்சள் முகப் பாறு. பாப்பாத்திக் கழுகு என்பாரும் உண்டு. உடம்பெல்லாம் வெள்ளை, சிறகின் ஓரம் கறுப்பு, முகம் மஞ்சள். எடை ஏறத்தாழ 2 கிலோ. விரித்த சிறகோ ஓர் ஆள் உயரத்துக்கு ஈடாகும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இதன் இனத்தார் உண்டு. நம் நாட்டு வகைக்குப் பண்டிதர்கள் இட்டிருக்கிற லத்தீன் பெயர் எதிலிருந்து வந்தது தெரியுமா? நமக்குத் தெற்கே இருக்கிற செஞ்சியிலிருந்து! சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1782ல் இதைச் "செஞ்சிப் பாறு" என்று எழுதிவைத்தார். லாதம் என்னும் ஆங்கிலேயர் 1790ல் அதையே சாஸ்திரப் பெயராக்கினார்.

வேதாகமத்திலும் இதற்கு இடமுண்டு. லேவியர் ஆகமத்தில் இஸ்ராயேலர் உண்ணக்கூடாத பறவைகளின் வரிசையில் "ராகாம்" என்று ஒன்று வருகிறது. அது இந்த மஞ்சள் முகப் பாறுதான் என்பது வேதபண்டிதர்கள் பலருடைய கருத்து. அரபு நாடுகளில் இன்றும் ஏறக்குறைய அதே பெயரால் இதை அழைக்கிறார்கள். எபிரேய மொழியில் இரக்கம் என்பதைக் குறிக்கும் சொல்லும் அதே மூன்று எழுத்துக்களாலானது. நமது வேதபுத்தகத்தில் கழுகு என்று வாசிக்கிற பல இடங்களிலும் மூலத்தில் இருப்பது பாறுதான் போலும். ஏனெனில் தீர்க்கதரிசியாகிய மிக்கேயாஸ் அந்தப் பறவையின் மொட்டைத் தலையைக் குறிப்பிடுகிறார். வேட்டையாடும் கழுகுக்கு ஏது மொட்டை?

மொட்டை என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். ஆனால் அந்த மொட்டையே ஒரு வரம். பெரிய பாறுகள் செத்த மாட்டின் வயிற்றுக்குள்ளே கழுத்துவரை தலையை நுழைத்துத் தின்னவேண்டும். அங்கே இறகிருந்தால் இரத்தமும் சீழும் ஒட்டிக்கொண்டு நோயாகும். உடற்சூட்டைத் தணிக்கவும் அந்த வெறுங்கழுத்து உதவுகிறது. நம் மலைப் பறவையோ பந்தியில் கடைசியில் உட்காருகிற ஏழை. அதன் அலகு மெலிந்தது. மாட்டுத்தோலைக் கிழிக்க வலுவில்லை. பெரியவை தின்று போனபிறகு எலும்பிடுக்கில் ஒட்டியிருப்பதைக் குறடுபோலக் கொத்தி எடுக்கத்தான் அந்த அலகு. முழுத்தலையையும் உள்ளே நுழைக்க வேண்டாமாகையால் முகம் மட்டும் வெறுமையாக இருக்கிறது, தலையில் இறகு இருக்கிறது. எவ்வளவு தேவையோ அவ்வளவே மொட்டை!

அந்த மஞ்சள் நிறத்தின் கதை இன்னும் விநோதமானது. நம் தாய்மார் முகத்துக்கு மஞ்சள் பூசுகிறார்கள். இந்தப் பறவையோ சாணி தின்று முகத்தை மஞ்சளாக்கிக்கொள்ளுகிறது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பசும்புல் மேய்ந்த மாட்டின் சாணத்தில் லூட்டீன் என்னும் மஞ்சட்பொருள் கிடக்கிறது. மாமிசத்தில் அது அபூர்வம். ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் 2002ல் இதைக் கண்டு வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதே இனம் கல்லை அலகால் எடுத்து எறிந்து தீக்கோழி முட்டையை உடைக்கிறது. பல்கேரியாவில் சுள்ளியைக் கொண்டு ஆட்டு மயிரைச் சுருட்டிக் கூட்டுக்கு எடுத்துப்போகிறது. பிணம், சாணம், முட்டை, புழு, குப்பை, சர்க்கரைப் பொங்கல் என்று கிடைத்ததை உண்டு பிழைக்கக் கற்ற பறவை இது. அதன் வயிற்று அமிலமோ அழுகின மாமிசத்திலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவற்றை எரித்துவிடும் கடுமையுள்ளது. நாம் ஒரு கவளம் வாயில் வைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதை அது விருந்தாக உண்கிறது.

ஜோடியாகவே வாழும், ஒரே பாறை இடுக்கில், ஒரே எல்லைக்குள், வருஷத்துக்கு வருஷம் தங்கும். நூற்றாண்டுக்கணக்காய் இரண்டே பறவைகள் வந்தன என்று ஊரார் வியந்ததற்கு இதுவே இயற்கையான காரணமாயிருக்கலாம்: ஒரு ஜோடி ஓய்ந்தால் அந்த எல்லையை இன்னொரு ஜோடி பிடித்துக்கொள்ளும்.

நிற்க. இந்த ஏற்பாடுகளெல்லாம் எப்படி வந்தன? இதைத் தகவமைப்பு என்று பள்ளிப்பிள்ளைகள் படிக்கிறார்கள். நாம் சொல்லுகிற பழக்கம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் தவறு தொடங்குகிறது. பட்டணத்துக்குக் குடிபோனவன் இரைச்சலுக்குப் பழகிக்கொள்ளுகிறானே, அது ஒரு ஆளின் பழக்கம், அவனோடே போய்விடும். தகவமைப்போ ஓர் இனத்தின் உடம்பில் எழுதப்படுவது. கொக்கு தனக்கு நீண்ட கால் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே கூட்டுக் குஞ்சுகளிலும் ஒன்றுக்கொன்று சிறு வித்தியாசம் இருக்கும். அந்தந்த இடத்துக்குப் பொருந்தினது பிழைத்துக் குஞ்சு பொரிக்கும். பொருந்தாதது சந்ததியில்லாமல் போகும். சல்லடையில் சலித்ததுபோல ஆயிரமாயிரம் தலைமுறை இப்படியே சலிக்கப்பட்டுத்தான் மொட்டைக் கழுத்தும் மெல்லிய அலகும் வந்தன. டார்வின் இதை 1859ல் புத்தகமாக எழுதினார். தாய் தகப்பன் குணம் பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது என்பதைப் பட்டாணிச் செடியில் சோதித்து 1866ல் வெளியிட்டவர் மெண்டல். அவர் நமது அகுஸ்தீன் சபைச் சந்நியாசி, மடத்துத் தோட்டத்திலேதான் சோதித்தார்.

இதனால் விசுவாசத்துக்குப் பங்கம் வருமோ என்று பயப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயம் வேண்டாம். மனித உடலின் தோற்றத்தைப்பற்றி இவ்விதம் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்று 12ஆம் பத்திநாதர் 1950லேயே எழுதினார். ஆத்துமம் மட்டும் சர்வேசுரனால் நேரே உண்டாக்கப்படுகிறது என்பதை விடாதிருக்கச் சொன்னார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1996ல் இன்னும் ஒரு படி மேலே போய், இது வெறும் யூகமென்று இனித் தள்ளத்தக்கதல்ல என்றார். தேவ பராமரிப்பு அவசரமில்லாதது. சல்லடையும் அவர் கையிலுள்ள கருவிதானே!

அவசரமில்லாதது என்று சொன்னேன். அங்கேதான் நம்முடைய வார்த்தை தோற்றுப்போகிறது. 1990களில் மாட்டு வைத்தியத்தில் டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்து மலிவாகப் புழக்கத்துக்கு வந்தது. மாட்டுக்கு நல்ல மருந்துதான். மனிதரும் மூட்டுவலிக்குச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அந்த ஊசி போட்ட இரண்டொரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் நின்றுபோகும். சில நாளில் சாகும். லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்கரும் அவர் கூட்டத்தாரும் பாகிஸ்தானில் செத்துக்கிடந்த பறவைகளைச் சோதித்து 2004ல் இதை நிரூபித்தார்கள்.

எப்படிச் சாகிறது என்பதைச் சற்று நிதானமாய்ப் பாருங்கள். பறவைகள் நம்மைப்போல் நீராய்ச் சிறுநீர் கழிப்பதில்லை. உடம்பின் கழிவை யூரிக் அமிலமாக்கி வெள்ளைப் பசையாய்த் தள்ளிவிடும். தண்ணீரை மிச்சம்பிடிக்க அமைந்த அற்புதமான ஏற்பாடு அது. மருந்து சிறுநீரகத்தைத் தாக்கினதும் அந்த அமிலம் வெளியேற வழியில்லாமல் இருதயத்தின்மேலும் ஈரலின்மேலும் சுண்ணாம்பு பூசினதுபோலப் படிந்துவிடுகிறது. எந்த ஏற்பாடு வறண்ட நாட்டில் அதைக் காப்பாற்றினதோ, அந்த ஏற்பாட்டின் வாசலிலே சாவு நுழைந்தது.

இதோடு தீர்ந்ததா? பாறுகள் வானத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வட்டமிடும். ஒன்று இறங்கினால் வெகுதூரத்திலுள்ளவையும் அதைக் கண்டு வந்து கூடும். பிணம் கிடக்கிற இடத்தில் அவை கூடுவதை நமதாண்டவரும் உவமையாக எடுத்துப் பேசினார். பசியில்லாமல் பிழைக்க அது நல்ல உபாயம். ஆனால் ஒரே ஒரு விஷ மாடு ஒரு கூட்டத்தையே முடித்துவிட்டது. 130 பிணங்களில் ஒன்றோ, ஏன், 760ல் ஒன்றோ மருந்து கலந்திருந்தால் போதும், இந்த அழிவு முழுவதும் நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக, பாறு நெடுநாள் வாழ்கிற ஜாதி; ஐந்தாறு வயதுக்குமேல்தான் முட்டையிடும்; பெரிய பாறுகள் வருஷத்துக்கு ஒரே முட்டை, நம் மஞ்சள் முகத்தது பெரும்பாலும் இரண்டு. நிதானமான உலகத்தில் அது போதும். கொத்துக்கொத்தாய்ச் சாகிறபோது ஈடுசெய்ய முடியாது.

வெண்முதுகுப் பாறு என்னும் பெரிய வகையில், 1992ல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007ல் ஒன்று இருந்தது. நம் மஞ்சள் முகப் பாறும் 1990களின் ஆரம்பத்திலிருந்து 2003க்குள் நாட்டில் 80 சதவீதம் குறைந்துபோயிற்று. மலைக்கு வந்த அந்த ஜோடி இந்த மருந்தாலேதான் மாண்டது என்று நான் சாதிக்கமாட்டேன். அவை வராமற்போனது இந்த ஆண்டுகளுக்குள்ளே என்பதைமட்டும் சொல்லுகிறேன்.

ஆயிரமாயிரம் தலைமுறையாய்ச் சலித்து, சாவையே ஆகாரமாக்கிக்கொண்ட பறவைக்கு, ஒரு ஊசிக்குப் பழகிக்கொள்ளப் பதினைந்து வருஷம் போதவில்லை. பழகிக்கொண்டவை எவை என்றும் எண்ணிப்பாருங்கள். காகம், எலி, கரப்பான், தெருநாய். சீக்கிரம் பெருகி, நாம் எறிகிற குப்பையிலே உண்பவை. பாறு போன இடத்தை நாய் பிடித்துக்கொண்டது. ஆனால் பாறு ஒரு மணிநேரத்தில் எலும்பாக்கிவைத்ததை நாய் நாட்கணக்கில் இழுத்துத் திரிகிறது; அதன் வாயில் வெறிநோயும் வருகிறது. பாறுகள் குறைந்ததனால் 2000 முதல் 2005 வரை இந்நாட்டில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று ஃபிராங்க், சுதர்சன் என்னும் இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2024ல் கணக்கு வெளியிட்டார்கள். நாம் பிணந்தின்னி என்று இகழ்ந்த பறவை நமக்காகப் பார்த்துவந்த வேலை இவ்வளவு. அதற்கு இரக்கத்தின் எழுத்துக்களால் எபிரேயர் பெயரிட்டதை நினைக்கும்போது எனக்கு வெட்கமாயிருக்கிறது.

கடற்கரைக்குப் போனாலும் இதே கதைதான். சதுரங்கப்பட்டினத்து மணலில் அடம்புக்கொடி படர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறீர்களே! உப்புக்காற்று, சுடுமணல், சாய்ந்தடிக்கிற புயல் எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கையால் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும். இலை தடித்து நீரைச் சேர்த்துவைக்கும். விதை கடலில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும். பக்கத்திலே ராவணன் மீசைப் புல், காற்றில் உருண்டோடும் பந்துபோன்ற விதைக்கொத்தோடு. இவை கட்டின மணல்மேடு கடலுக்கும் குப்பத்துக்கும் நடுவே ஒரு மதில். புயலுக்குப் பழகின கொடிக்கு, மேட்டை வழித்தெறிகிற இயந்திரத்துக்கு எப்படிப் பழகத் தெரியும்?

அந்த மணலிலேதான் ஜனவரி முதல் மார்ச்சு வரை பங்குனி ஆமை கரையேறி நூறு முட்டைக்குமேல் இட்டுப்போகிறது. ஏழெட்டு வாரத்தில் இராக்காலத்தில் வெளிவரும் குஞ்சுக்கு ஒரே வழிகாட்டி வெளிச்சம்: இருட்டில் கடல்பக்கத்து வானம்தான் சற்றே வெளுத்திருக்கும், அதை நோக்கி ஓடவேண்டும். யுகயுகமாய் இது தப்பாத வழி. இப்பொழுது கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளக்குகள் கடலைவிடப் பிரகாசமாயிருக்கின்றன. குஞ்சு ரோட்டை நோக்கி ஓடுகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துக் காப்பாற்றிவருகிறார்கள், பாராட்டத்தக்க புண்ணியம். தாய் ஆமைக்கோ நம்மைப்போல் நுரையீரல். அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கவேண்டும். இழுவலையில் அகப்பட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்காய் ஒதுங்கினவற்றை நம் மீனவர் பலர் பார்த்திருப்பார்கள். அவர்கள் வயிற்றுப்பாடு எனக்குத் தெரியாததல்ல. ஆமை தப்பிப்போக வழிவிடும் வலைச்சாதனம் உண்டு. அதைச் சங்கத்தில் கேளுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

ஆதாமைத் தோட்டத்தில் வைத்த சர்வேசுரன், அதைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார். ஜீவராசிகளை அவன் முன்னே கொண்டுவந்து பெயரிடச் சொன்னார். பெயரிட்டவன் அடையாளம் அறிந்தவன். நம் செயலாலே ஓர் இனம் அற்றுப்போகச் செய்ய நமக்கு உரிமையில்லை என்று மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ல் எழுதிய நிருபத்தில் தெளிவாய்ச் சொல்லியிருக்கிறார். பறவையின் சிறுநீரகம் மாறப் பல்லாயிரம் வருஷம் வேண்டும். ஆமைக்குஞ்சின் கண் மாறவும் அப்படியே. ஒரே நாளில் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளக்கூடிய ஜீவன் பூமியில் ஒன்றுதான். மனந்திரும்புதல் என்று நாம் தபசுக்காலத்தில் பேசுகிறோமே, அந்த வரம் அதற்கு மாத்திரமே கொடுக்கப்பட்டிருக்கிறது.

மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் செய்து விற்பதை அரசாங்கம் 2006ல் தடுத்தது. மனிதருக்கென்று வந்த பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போடுகிற தந்திரம் நடந்ததால், 2015ல் மனிதர் ஊசிமருந்தையும் 3 மில்லி அளவுக்குமேல் ஒரே குப்பியில் அடைக்கக்கூடாதென்றது. 2023ல் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் இரண்டும், 2024 டிசம்பரில் நிமிசுலைடும் மிருகங்களுக்குத் தடைசெய்யப்பட்டன. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் கூடுகட்டுகின்றன. விதை அற்றுப்போகவில்லை.

ஆகையால் மாடு வைத்திருக்கிற வீட்டார் கவனியுங்கள். மாட்டுக்கு வீக்கமோ வலியோ கண்டால் மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கி ஊசி போடாதீர்கள். மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மெலாக்சிகம் என்று ஒரு மருந்து இருக்கிறது. மாட்டின் வலிக்கும் கேட்கும், பாறுக்கும் தீங்கில்லை. அதைப் போடலாமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டிலே பழைய குப்பிகள் கிடந்தால் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அறைவீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள். சீட்டிலுள்ள பெயரை நான் வாசித்துச் சொல்லுகிறேன்.